தளத்துக்குள்ளே வழி போடுகிறவள்

ஒரு வெப்சைட்டின் ஒரு பக்கத்திலிருந்து அதே வெப்சைட்டின் இன்னொரு பக்கத்துக்கு வழி போட்டுக் கொடுப்பது என் தொழில். அந்த வழியாகப் போகிறவர்களை நான் பார்த்ததே கிடையாது.

நீங்கள் செல்போனில் ஏதோ படித்துக்கொண்டிருக்கிறீர்கள். நடுவில் நாலு வார்த்தை நீலமாக இருக்கும். தொட்டால் அதே கடையின் வேறொரு பக்கம் திறக்கும். அந்த நாலு வார்த்தை எதுவாக இருக்க வேண்டும், எங்கே உட்கார வேண்டும், எங்கே கொண்டுபோய் விட வேண்டும் என்று பார்க்க ஒரு ஆள் வேண்டுமல்லவா, அந்த ஆள் நான். உள்ளுக்குள் இந்த லிங்க் எல்லாம் ஒழுங்காக இருந்தால்தான் எந்தப் பக்கம் முக்கியம் என்று தேடுபொறிக்கு விளங்கும். அதற்கு விளங்கினால் தேடுகிறவர்களுக்கு அந்தப் பக்கம் மேலே தெரியும். வித்தை அவ்வளவுதான்.

சென்னையில் ஒரு கம்பெனியில் இதே வேலை பார்த்தேன். அம்மாவுக்கு முடியாமல் போனதும் தஞ்சாவூருக்கு வந்தேன். அம்மா போன பிறகு சென்னைக்குத் திரும்ப ஒரு காரணம் தேடினேன், அகப்படவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் குடும்பத்தோடு மஸ்கட்டில் இருக்கிறான். மாடிப் போர்ஷனில் நானும் ஒரு லேப்டாப்பும். சில நாள் வாயைத் திறந்து நான் பேசிய ஒரே வார்த்தை, பால்காரரிடம் சொன்ன "அரை லிட்டர்" என்பதாக இருக்கும். இப்படி வீட்டில் உட்கார்ந்து திரையைப் பார்த்தபடியே பொழுதைக் கழிக்கிறவர்கள் இன்றைக்கு ஊருக்கு ஊர் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். இது உங்களுக்காகத்தான். மற்றவர்கள் "வீட்ல சும்மாதானே இருக்கே" என்று கேட்டுவிட்டுப் போகட்டும்.

நீலம்

தஞ்சாவூரில் போர்வெல் போடுகிற ஒருவர் என் முதல் வாடிக்கையாளர். நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். பக்கங்களுக்குள் லிங்க் கொடுத்தால் தேடலில் மேலே வரலாம் என்று நான் சொன்னதுதான் தாமதம், வீட்டுக்குப் போய் அவரே உட்கார்ந்து போட ஆரம்பித்துவிட்டார். நான் திறந்து பார்த்தபோது முகப்புப் பக்கமே நீலமாக இருந்தது. 'ஆழ்துளை'க்கு ஒரு லிங்க், 'கிணறு'க்கு ஒரு லிங்க். 'மற்றும்' என்ற வார்த்தைக்குக்கூட ஒன்று கொடுத்திருந்தார். அதைத் தொட்டால் மோட்டார் ரிப்பேருக்குப் போனது.

எல்லாவற்றையும் முக்கியம் என்று காட்டினால் எதுவுமே முக்கியமில்லை என்றுதான் தேடுபொறி எடுத்துக்கொள்ளும் என்று போனில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, எடுத்துடுங்க" என்றார். ஒரு மத்தியானம் முழுக்க ஒவ்வொன்றாக எடுத்தேன். முடித்துவிட்டுப் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "நீலமா இருந்தப்ப தண்ணி இருக்கிற மாதிரி இருந்துச்சு மேடம்."

கூப்பிடாத பக்கம்

குடவாசலில் அத்தரும் தொழுகை விரிப்பும் விற்கிற கமால் பாய், வளைகுடாவில் நெடுங்காலம் இருந்துவிட்டு வந்து கடை போட்டவர். கடைக்கு வெப்சைட்டும் உண்டு. அதைச் சோதித்துப் பார்த்து ஒரு அறிக்கை அனுப்பினேன். ஒரு தளத்தில் எந்தப் பக்கத்திலிருந்தும் லிங்க் இல்லாமல் தனியாகக் கிடக்கிற பக்கங்களை எங்கள் தொழிலில் அநாதைப் பக்கங்கள் என்போம். அப்படிக் கிடப்பது தேடுபொறியின் கண்ணில் சுலபத்தில் படாது. பாயின் கடையில் அப்படி நிறைய இருந்தன. நானும் வழக்கம்போல 'அநாதைப் பக்கங்கள்' என்று தலைப்புக் கொடுத்துப் பட்டியல் போட்டு அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலையில் போன் செய்தார். "இந்த வார்த்தை எதுக்கும்மா?" என்றார். தொழில் வார்த்தை பாய், வேறு அர்த்தம் இல்லை என்றேன். "இருக்கட்டும்மா. நான் எத்தீம்கானாவுல, அதான் தாய் தகப்பன் இல்லாத புள்ளைங்க விடுதியில, வளர்ந்தவன். வாப்பா முகமே எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்துல பேரு கூப்பிடுறப்ப எங்களை மட்டும் கடைசியா கூப்பிடுவாங்க, இந்த வார்த்தையைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க." கோபமாகச் சொல்லவில்லை. கடையில் யாரோ விலை கேட்க, அவருக்குப் பதில் சொல்லிவிட்டு வந்து மறுபடி பேசினார். வேறு என்ன பெயர் வைக்கலாம் என்று அவரையே கேட்டேன். "இன்னும் யாரும் கூப்பிடாத பக்கம்னு போடுங்களேன்" என்றார்.

அப்படித்தான் திருத்தி அனுப்பினேன். இன்றைக்கும் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் அப்படித்தான் எழுதுகிறேன். படிக்கிறவர்கள் இதுவும் ஏதோ தொழில் வார்த்தை என்று நினைக்கிறார்களோ என்னவோ, யாரும் கேட்டதில்லை. அந்தப் பக்கங்களுக்கு ஒவ்வொன்றாக லிங்க் கொடுத்து முடிக்கச் சில வாரங்கள் ஆயின. வியாபாரம் கூடியதா என்று பாய் விசாரிக்கவே இல்லை. நடுநடுவே போன் செய்து ஒன்றே ஒன்றுதான் கேட்பார்: "எல்லாத்தையும் கூப்பிட்டாச்சாம்மா?"

பங்காளிகள்

குத்தாலத்தில் அண்ணன் தம்பி இருவர் பாரம்பரிய நெல் பயிரிட்டு அரிசியாக்கி வெப்சைட்டில் விற்றார்கள். தூயமல்லி, கருப்புக் கவுனி, மாப்பிள்ளைச் சம்பா. அண்ணன் ராமமூர்த்தி அரவை, மூட்டை, லாரி எல்லாம் பார்ப்பார். தம்பி சேகர் வயலைப் பார்ப்பார். ஓய்ந்த நேரத்தில் வெப்சைட்டுக்குக் கட்டுரை எழுதுவார். கவுனி அரிசியை எவ்வளவு நேரம் ஊற வைப்பது, எத்தனை விசில் விடுவது, மழையில் பயிர் ஏன் சாய்கிறது என்று நம் பக்கத்துத் தமிழில் எழுதியிருப்பார். படித்தால் எதிரில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும்.

அப்பா இறந்ததும் பாகப்பிரிவினையில் இருவருக்கும் முட்டிக்கொண்டது, கோர்ட்டு வரைக்கும் போனார்கள். வெப்சைட் அண்ணன் கைக்குப் போனது. ஒருநாள் ராமமூர்த்தி சார் போன் செய்து, "சேகர் எழுதுன பக்கத்துக்குப் போற லிங்க் ஒண்ணு விடாம எடுத்துடுங்க" என்றார். சார், பாதிப் பேர் அந்தக் கட்டுரைகள் வழியாகத்தான் உங்கள் கடைக்கே வருகிறார்கள், எடுத்தால் அந்தப் பக்கங்கள் கீழே போகும், கூடவே கடையும் போகும் என்றேன். "எங்களுக்குள்ள பேச்சு வார்த்தையே இல்லைங்கறப்ப லிங்க் என்னத்துக்கும்மா?" என்றார். எடுத்துவிட்டேன். கட்டுரைகள் அழியவில்லை. ஆனால் யாரும் போக வழியில்லாமல் அங்கேயே கிடந்தன.

சொன்னபடியே ஆயிற்று. முதலில் கட்டுரைகள் தேடலில் இறங்கின, பின்னாலேயே அரிசிப் பக்கங்களும் இறங்கின. அறுவடை முடிந்து புது நெல் வந்து சேர்ந்த சமயம். ஆர்டர் இல்லை. ராமமூர்த்தி சார் தினமும் போன் செய்ய ஆரம்பித்தார். போனில் சொல்லிப் புரியவைக்க முடியாது என்று கும்பகோணம் வழியாகப் பஸ் பிடித்துக் குத்தாலம் போனேன். உண்மையைச் சொன்னால், எங்காவது போக வேண்டும் போலவும் இருந்தது.

குடோனில் கூரை வரைக்கும் மூட்டை. நடுவில் ஒரு மேஜை போட்டு அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். லேப்டாப்பைத் திறந்து சேகரின் கட்டுரை ஒன்றைக் காட்டி, இந்த இடத்தில்தான் லிங்க் இருந்தது என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் நான் சொன்னதைக் கேட்கவில்லை. பக்கத்தை மேலே ஏற்றிக்கொண்டுபோய் முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கிவிட்டார். தம்பி எழுதியதை அவர் அதுவரை படித்ததே இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆற்றில் தண்ணீர் தாமதமாக வந்த ஒரு வருஷத்தைப் பற்றிய கட்டுரை அது. அண்ணனும் தம்பியும் வாய்க்கால் மடையில் மாறி மாறிக் காவல் இருந்ததை எழுதியிருந்தார். 'எங்க அண்ணன் சொல்லுவாங்க' என்று தொடங்குகிற பத்திகள் அதில் இரண்டு மூன்று இருந்தன. டீ வந்தது, ஆறியது. "இதை எப்ப எழுதுனான்?" என்றார். ரொம்ப நாளாக இருக்கிறது சார் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். "லிங்க்கைப் போட்டுடுங்க. போட்டேன்னு அவன்கிட்ட யாரும் சொல்ல வேண்டாம்" என்றார்.

போட்டுவிட்டேன். பக்கங்கள் ஒரேயடியாக ஏறிவிடவில்லை. ஒவ்வொரு படியாக ஏறின. மூட்டைகளும் நகரத் தொடங்கின. வழக்கு இன்னும் முடியவில்லை என்று கேள்வி. ஆனால் லிங்க் போட்ட கொஞ்ச நாளில் தெரியாத நம்பரிலிருந்து ஒரு போன் வந்தது. சேகர். வயலில் நின்றபடி பேசினார் போலிருக்கிறது, காற்றுச் சத்தம் கேட்டது. "அண்ணன் மறுபடியும் லிங்க் குடுத்திருக்காங்க. பார்த்துட்டேன்னு அவங்ககிட்ட சொல்லிடாதீங்க."

கன்று போட்ட மாடு

ஒரத்தநாட்டில் ஒரு கால்நடை டாக்டர் அம்மா கிளினிக் வைத்திருக்கிறார். பேச்சு எப்போதும் அளவாகத்தான் இருக்கும். அவருடைய தளத்தில் எல்லோரும் படிக்கிற பக்கம் தீவனத்தைப் பற்றியது. கன்று ஈன்ற பிறகு எழுந்திருக்காத மாட்டுக்கு என்ன செய்வது என்று அவர் எழுதிய பக்கம் எங்கோ அடியில் கிடந்தது. அதை மேலே கொண்டுவர, தீவனப் பக்கத்தின் தொடக்கத்திலேயே ஒரு வரி வைத்தேன்: 'கன்று போட்ட மாடு எழுந்திருக்கவில்லையா? முதலில் இதைப் படியுங்கள்.'

ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாள் சாயங்காலம் டாக்டர் அம்மாவே போன் செய்தார். பக்கத்துக் கிராமத்தில் ஒரு பெண், புருஷன் சிங்கப்பூரில். காலையில் கலப்பினப் பசு கன்று போட்டுவிட்டுப் படுத்தது, எழவில்லை. ரோட்டில் தண்ணீர். என்ன தீனி கொடுத்தால் எழுந்திருக்கும் என்று செல்போனில் தேடியிருக்கிறாள். தீவனப் பக்கம் திறந்திருக்கிறது, அந்த வரியைத் தொட்டிருக்கிறாள். மாட்டை ஒருக்களித்துச் சாயவிடாதீர்கள், நெஞ்சு தரையில் இருக்கும்படி இரண்டு பக்கமும் முட்டுக் கொடுங்கள், உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள் என்று அதில் இருந்தது. வைக்கோலைச் சாக்கில் அடைத்து அண்டக் கொடுத்துவிட்டுப் போன் செய்திருக்கிறாள். டாக்டர் அம்மா தண்ணீர் இல்லாத இடத்தில் காரை விட்டுவிட்டு டிராக்டரில் ஏறிப் போய்ச் சேர்ந்து கால்சியம் மருந்து ஏற்றியிருக்கிறார்.

இத்தனை வருஷத்தில் நான் போட்ட வழியில் வந்த ஒரு ஆளைப் பற்றி எனக்குத் தகவல் வந்தது அதுதான் முதல் தடவை. மாடு என்ன ஆச்சு டாக்டர் என்றேன். எழுந்துவிட்டது, கன்றுதான் தங்கவில்லை என்றார். அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். வைப்பர் ஓடுகிற சத்தம் கேட்டது. காரை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசுகிறார் என்று நினைத்தேன். "மாட்டுக்கிட்டதான் பேசிக்கிட்டிருக்கு. வேற யார் இருக்கா வீட்ல?"

நேரில்

எனக்கு ஒரே ஒரு சக ஊழியர் உண்டு. கார்த்திகா. மன்னார்குடிப் பக்கம் அவள் ஊர். வாடிக்கையாளர்களுக்கு அவள் கட்டுரை எழுதுவாள், நான் லிங்க் போடுவேன். காலையில் 'அக்கா, எந்திரிச்சாச்சா' என்று அவளிடமிருந்து மெசேஜ் வந்தால்தான் எனக்கு நாள் தொடங்கும். சாப்பாடு, தலைவலி, அவள் மாமியார், என் தூக்கமின்மை எல்லாம் அதில்தான். ஒருவரையொருவர் பார்த்தது கிடையாது. இரண்டு பேருமே கேமராவைப் போட்டதில்லை.

பிறகு கட்டுரையை மெஷினே எழுதும் என்று வந்தது உங்களுக்கே தெரியும். அவளுக்கு வேலை குறைந்து குறைந்து நின்றே போனது. ஒரு பள்ளிக்கூட ஆபீசில் சேரப்போகிறேன் என்றாள். அதற்குப் புடவை எடுக்கத் தஞ்சாவூர் வந்தவள் என்னைப் பார்க்க வேண்டும் என்றாள். பழைய பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு ஓட்டலில் உட்கார்ந்தோம். நான் நினைத்ததைவிட உயரமாக இருந்தாள். எடுத்த புடவைகளைக் காட்டினாள், நன்றாக இருக்கிறது என்றேன். வெயிலைப் பற்றிப் பேசினோம். ரவா தோசை வர நேரமானது. அதற்குள் பேச்சு தீர்ந்துவிட்டது. இத்தனை வருஷம் எழுதித் தள்ளிய இரண்டு பேரும் சட்னிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பஸ் ஏற்றிவிடும்போது என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், கண் கலங்கியிருந்தது. வீட்டுக்குத் திரும்பி நடக்கிறேன், போன் அதிர்ந்தது. பஸ்ஸிலிருந்து அனுப்பியிருந்தாள்: "நேர்ல பேசவே வரலக்கா. இனிமே இப்படியே பேசிக்கலாமா?"

தொடர்புடைய பக்கங்கள்

நான் போகிற லுத்தரன் சபைக்கு ஒரு வெப்சைட் உண்டு. அதில் இறந்துபோன சபையார் ஒவ்வொருவருக்கும் ஒரு நினைவுப் பக்கம். அவையெல்லாம் தனித்தனியாகக் கிடந்ததால் பேரைப் போட்டுத் தேடினாலும் வருவதில்லை. சபைக் கமிட்டி கேட்டுக்கொண்டதால் ஒழுங்கு செய்தேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'தொடர்புடைய பக்கங்கள்' என்று ஒன்று தானாக வரும்படி வைத்தேன். இரண்டு பக்கங்களில் ஒரே வார்த்தைகள் நிறைய வந்தால் அதுவே ஒன்றிலிருந்து மற்றதுக்கு லிங்க் கொடுத்துவிடும். என் அம்மாவின் பக்கத்துக்கு மட்டும் அது யாரையும் போடவில்லை. பொருத்தமான ஆள் அகப்படவில்லை போலிருக்கிறது. நானாக ஒன்றைப் போட்டிருக்கலாம். யாரைப் போடுவது என்று யோசித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

அந்த வாரம் என் மாடிப் படியில் ஆள் ஏறி வருகிற சத்தம் கேட்டது. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற எங்கள் சபையார் தேவசகாயம் ஐயா. மூச்சு வாங்கியபடி உட்கார்ந்தார். காபி கொடுத்தேன். வீட்டில் இரண்டாவது டம்ளரை எடுத்து நாளாகியிருந்தது, கழுவித்தான் ஊற்றினேன். அவர் செல்போனை நீட்டினார். அவர் மனைவி ரூத் டீச்சரின் பக்கம். அடியில், தொடர்புடையவர் என்று எஸ்தர் அம்மாளின் படம். இரண்டு பேரும் பாடகர் குழுவில் இருந்தவர்கள். அந்த வார்த்தைகளை வைத்து ஜோடி சேர்த்துவிட்டிருக்கிறது.

"இவங்க ரெண்டு பேருக்கும் ஆகாதும்மா" என்றார். "கிறிஸ்துமஸ் பாட்டுல தனியாப் பாடுறது யாருன்னு ஆரம்பிச்ச சண்டை. கடைசி வரைக்கும் பேசிக்கல. எஸ்தரம்மா அடக்கத்துக்குக்கூட இவ வரல, நான் மட்டும்தான் போனேன். இப்பப் பார்த்தா அவ காலடியிலயே அந்தம்மா சிரிச்சிக்கிட்டிருக்காங்க." சிரிக்கிறாரா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. தினமும் காலையில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பாராம், இப்போது திறக்கச் சங்கடமாக இருக்கிறதாம். அவர் எதிரிலேயே எடுத்துவிட்டேன். படம் மறைந்ததும் நிம்மதியாகக் காபியை எடுத்துக் குடித்தார்.

அந்த இடத்தில் வேறு யாரையாவது போடலாமா ஐயா, டீச்சரின் தங்கை பக்கம் இருக்கிறது, கூட வேலை பார்த்த டீச்சர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று கேட்டேன். திரையில் ரூத் டீச்சரின் படத்துக்குக் கீழே வெள்ளையாக இருந்த இடத்தை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "அந்த இடம் காலியாவே இருக்கட்டும்மா. எப்படியும் நான் வருவேன்ல."

ஆக, என்னோடு சேர்ந்து அவதிப்படும் அன்பர்களே, இந்தத் தொழிலில் நாம் தேறிவிட்டோம் என்பதற்கு ஒரே ஒரு அடையாளம்தான் உண்டு: ஊரில் உள்ளவர்களையெல்லாம் தேடலின் முதல் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு ஓய்ந்துபோய் நம் பெயரைத் தேடினால், 'நீங்கள் தேடுவது வேறு ஒருவரையா?' என்று தேடுபொறி நம்மையே திருப்பிக் கேட்கும்.